பந்தைப் பார்க்காமல் பந்தைத் தட்ட: கூடைப்பந்தில் புதிதாகக் கார்டு ஆடுபவர்களுக்கு

தருமபுரியில் எங்கள் காலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வருகிறாள். உயரம் அதிகமில்லை, ஆனால் கால் வேகம் அபாரம். ஆள் இல்லாத கோர்ட்டில் அவள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் நின்று பார்க்கத் தோன்றும். கால்களுக்கு இடையே தட்டுவாள், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறுகையில் வாங்குவாள்.

சென்ற ஆண்டு ஒரு நட்பு ஆட்டத்தில் அவளைப் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவளாக, இறக்கினோம். முதல் பாதியிலேயே ஒன்பது முறை பந்தை இழந்தாள். மூன்று முறை எதிரணிப் பெண் அவள் கையிலிருந்தே தட்டிப் பறித்தாள். மற்றவை தவறான பாஸ்கள். வளையத்துக்கு அடியில் தனியாக நின்று கையைத் தூக்கிய தோழியை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆட்டம் முழுவதும் அவள் கண் பந்தின் மேலேயே இருந்தது.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவளுக்காக நாங்கள் வகுத்த பயிற்சி முறைதான் இங்கே எழுதியிருப்பது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்த ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குத் துணைநிற்கும் பெற்றோர், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

கார்டின் வேலை

கோர்ட்டின் நீளம் 28 மீட்டர். பந்து நம் கைக்கு வந்ததும் 8 வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த நேரத்தை அணிக்காகச் செலவழிப்பவர் கார்டு. யார் எங்கே நிற்கிறார், யாருக்கு இடம் கிடைத்திருக்கிறது, எந்தப் பக்கம் அடைத்துவிட்டார்கள் என்பதையெல்லாம் ஓடிக்கொண்டே பார்க்க வேண்டியவர் அவர். பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இவற்றில் எதையும் பார்க்க முடியாது. ஆகவே பந்து தட்டும் பயிற்சி என்பது பந்தை மறப்பதற்கான பயிற்சிதான். வித்தைகளைக் கற்பது அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் எங்கள் பெண்ணுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

பந்தும் தரையும்

ஆண்களுக்கு 7-ஆம் எண் பந்து, பெண்களுக்கு 6-ஆம் எண் பந்து. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 5-ஆம் எண் பந்தில் தொடங்கலாம். அண்ணனின் பந்து வீட்டில் இருக்கிறதே என்று பத்து வயதுத் தங்கையிடம் 7-ஆம் எண்ணைக் கொடுக்காதீர்கள். கைக்கு அடங்காத பந்தை உள்ளங்கையால் அறைந்து தட்டும் பழக்கம் வந்துவிடும். பிறகு அதை மாற்ற மாதக்கணக்காகும். நம் ஊர்க் கோர்ட்டுகள் பெரும்பாலும் வெட்டவெளியில் இருக்கும் சிமெண்ட் தரை என்பதால் தோல் பந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். ரப்பர் பந்தே போதும். காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தோள் உயரத்திலிருந்து பந்தைக் கைவிட்டுப் பாருங்கள். இடுப்பளவுக்கு எழ வேண்டும்.

கோர்ட் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். கேழ்வரகு காயவைக்கும் சிமெண்ட் களம் அறுவடைக் காலம் தவிர மற்ற நாட்களில் சும்மாதான் கிடக்கிறது. பந்து தட்டிப் பழக வளையம் தேவையில்லை. பத்தடிக்குப் பத்தடி சமதளம் இருந்தால் போதும். தொடங்கும் முன் துடைப்பத்தால் ஒருமுறை பெருக்கிவிடுங்கள். செம்மண் தூசி படிந்த தரையில் பந்தும் வழுக்கும், காலும் வழுக்கும். நாள் பார்த்து வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் பயிற்சி செய்வதைவிட, தினமும் இருபது நிமிடம் செய்வது பலமடங்கு பயன் தரும். கோடையில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

முதல் படி: விரல்கள்

பந்தை அறையக் கூடாது, அழுத்தித் தள்ள வேண்டும். விரல்களை அகல விரித்து, விரல்களின் சதைப்பகுதி பந்தின் மேல் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக் குழி பந்தைத் தொடக் கூடாது. முழங்கையிலும் மணிக்கட்டிலும் இருந்து தள்ளுங்கள். பந்து எழும்பி வரும்போது கையும் அதோடு சேர்ந்து சற்று மேலே வந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். சரியாகத் தட்டினால் “பட், பட்” என்று கையில் அறையும் ஓசை எழாது. தரையில் விழும் ஓசை மட்டுமே கேட்கும். கண்ணை மூடிக் கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

நிற்கும் நிலையும் முக்கியம். பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்துங்கள். முதுகை மட்டும் வளைப்பது தாழ்வாக நிற்பதாகாது. பந்து உடலுக்கு முன்னால் அல்ல, பாதத்துக்கு வெளிப்பக்கமாக, இடுப்புக்குப் பக்கவாட்டில் விழ வேண்டும். முன்னால் விழும் பந்து எதிராளிக்கு நீட்டிய பந்து.

உயரக் கணக்கு ஒன்று சொல்கிறேன். இடுப்பு உயரத்திலிருந்து கைவிட்ட பந்து தரையைத் தொட ஏறத்தாழ 0.4 வினாடி ஆகும். முழங்கால் உயரத்திலிருந்து என்றால் ஏறத்தாழ 0.3 வினாடி. திரும்பி வரவும் நேரம் உண்டு. பந்து நம் கையில் இல்லாத இந்த நேரம்தான் எதிராளிக்குக் கிடைக்கும் நேரம். தாழ்வாகத் தட்டினால் அது குறைகிறது. பலமாகத் தள்ளினால் இன்னும் குறைகிறது. ஆள் நெருங்கியதும் தாழ்வாகவும் பலமாகவும் தட்டச் சொல்வது இதற்காகத்தான். ஆள் இல்லாத இடத்தில் வேகமாக ஓடும்போது இது பொருந்தாது. அங்கே பந்தை முன்னால் தள்ளி, இடுப்பளவுக்கு எழவிட்டு, அதன் பின்னால் ஓடுங்கள். ஒரு தட்டுக்கு எத்தனை அடி அதிகமாக எடுத்துவைக்கிறீர்களோ, அவ்வளவு வேகம்.

இரண்டாம் படி: இடக்கை

என் அனுபவத்தில் நம் பிள்ளைகளின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. அதற்குக் காரணம் சோம்பல் அல்ல. இடக்கையால் கொடுக்காதே, இடக்கையால் வாங்காதே என்று சொல்லியே நாம் அவர்களை வளர்த்திருக்கிறோம். சோறு உண்பது, எழுதுவது, கும்பிட்டு விபூதி வாங்குவது எல்லாம் சோற்றுக்கைதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒதுங்கியே இருந்து பழகிய கையை, கோர்ட்டில் இறங்கிய அன்றே வேலை செய் என்றால் அது செய்யாது. அதற்குக் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வலக்கையால் மட்டும் தட்டி ஓட எத்தனை வினாடி ஆகிறது? இடக்கையால்? எங்கள் பெண்ணுக்கு வலக்கையில் ஆறு வினாடி ஆனது. இடக்கையில் எட்டைத் தாண்டியது. அதிலும் இரண்டு முறை பந்து காலில் பட்டு ஓடிவிட்டது. அந்த இரண்டு வினாடி வித்தியாசம்தான் எதிராளிக்குத் தெரிந்துபோன இரகசியம். வலப்பக்கத்தை மட்டும் அடைத்து நின்றால் போதும் என்று ஐந்தே நிமிடத்தில் கண்டுகொள்வார்கள்.

முதல் வாரம் நின்ற இடத்திலேயே பழகுங்கள்: இடக்கையால் முழங்கால் உயரத்தில் ஐம்பது தட்டு, இடுப்பு உயரத்தில் ஐம்பது, பிறகு பந்தைப் பாதத்தின் முன்னும் பின்னும் தள்ளி இழுத்து முப்பது. இரண்டாம் வாரம் அதையே நடந்துகொண்டு. மூன்றாம் வாரம் மெல்லோட்டம். நான்காம் வாரம் முழு வேகம், நேரம் குறித்து. வலக்கைக்கு ஒரு பங்கு என்றால் இடக்கைக்கு மூன்று பங்கு. பந்து தவறினால் எடுத்துவந்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். பிள்ளைகளைச் சோர்வடையச் செய்வது அதுதான்.

கோர்ட்டுக்கு வெளியிலும் இடக்கைக்கு வேலை கொடுக்கலாம். கதவைத் திறப்பது, வாளியைத் தூக்குவது, பல் துலக்குவது. சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு மாதத்தில் மணிக்கட்டின் இறுக்கம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் இதையெல்லாம் வலக்கைக்குச் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: கண்

“தலையை நிமிர்த்து, தலையை நிமிர்த்து” என்று ஓரத்தில் நின்று கத்துவதால் பயனில்லை. நானே பல மாதங்கள் அப்படிக் கத்தியிருக்கிறேன். பிள்ளை தலையை நிமிர்த்தும், கண் மட்டும் கீழேயே இருக்கும். கண்ணுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், அதுதான் வழி.

துணைக்கு ஒருவர் எதிரே நின்று கைவிரல்களைக் காட்டட்டும். ஒன்று, நான்கு, மூன்று என்று மாற்றிக்கொண்டே இருக்கட்டும். தட்டுபவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இது எளிதானதும், இரண்டு கையிலும் விரல் காட்டிக் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் களத்தின் ஓரத்துத் தென்னை மரத்தில் காய்களை எண்ணலாம்; சாலையில் போகும் வண்டிகளின் எண்களை வாசிக்கலாம். எங்கள் பெண் பஸ்களின் பெயர்ப்பலகையை வாசிப்பாள். அரூர், பென்னாகரம், காரிமங்கலம் என்று அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அடுத்து டென்னிஸ் பந்து. ஒரு கையால் கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டே, மறுகையால் டென்னிஸ் பந்தை மேலே எறிந்து பிடிக்க வேண்டும். முதல் நாள் யாராலும் முடியாது. பத்தாவது நாள் முடியும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கரி ஆட்டத்துக்கு முன் ஒரே நேரத்தில் இரண்டு பந்துகளைத் தட்டிப் பயிற்சி செய்வதைப் பலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அது வேடிக்கை காட்டுவதற்கல்ல. இரண்டு பந்தையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. ஆகவே கை தானே உணர்ந்து தட்டியாக வேண்டும். இரண்டாவது பந்துக்கு நண்பனிடம் இரவல் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டுவது முதலில், மாற்றி மாற்றித் தட்டுவது பிறகு.

நான்காம் படி: வேகத்தை மாற்றுவது

தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேகமாகப் போகத் தெரிந்தவரை அவர்கள் நல்ல ஓட்டுநர் என்று சொல்ல மாட்டார்கள்; எங்கே கியரைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தவரைத்தான் சொல்வார்கள். எங்கள் பெண்ணிடம் இருந்தது ஒரே வேகம், முழு வேகம். எதிராளிக்கு அது வசதி. ஒரே வேகத்தில் வருபவரை எந்த இடத்தில் மறிக்கலாம் என்று கணக்கிடுவது எளிது.

ஆகவே மூன்று வேகங்களைப் பழகுங்கள். களத்தில் மூன்று கற்களை வரிசையாக வையுங்கள். முதல் கல் வரை பாதி வேகம். கல்லருகே வந்ததும் உடலைச் சற்று நிமிர்த்தி, நின்றுவிடப்போவதுபோல ஒரு கணம் தயங்குங்கள். பந்து கையோடு மேலே வரட்டும். எதிராளியின் குதிகால் தரையில் படியும் அந்தக் கணத்தில் தோளைத் தாழ்த்தி முழு வேகத்தில் பாயுங்கள். தயங்கும்போது பந்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிவிடாதீர்கள். காணொளி பார்த்துப் பழகும் பிள்ளைகள் செய்யும் தவறு இது. பந்து கையில் தங்கினால் அந்தத் தட்டு முடிந்துவிட்டதாகக் கணக்கு. தொடர்ந்து தட்டினால் நடுவர் ஊதிவிடுவார். கை எப்போதும் பந்தின் மேலோ பக்கவாட்டிலோதான் இருக்க வேண்டும்.

இந்தத் தயக்கம் கைவந்த பிறகுதான் கிராஸ்ஓவர், அதாவது பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்குத் தட்டித் திசை மாறுவது. வலப்பக்கம் போவதாகவே எதிராளி நம்ப வேண்டும்: பார்வை, தோள், வலப்பாதம் மூன்றும் வலப்பக்கம் போகட்டும். வலப்பாதத்தை ஊன்றி, முழங்காலுக்குக் கீழே தாழ்வாக, ஒரே தட்டில் பந்தை இடக்கைக்குத் தள்ளுங்கள். அங்கே இடக்கை முன்கூட்டியே தாழ்ந்து காத்திருக்க வேண்டும். பந்து வந்ததும் பக்கவாட்டில் ஓடக் கூடாது. எதிராளியின் இடுப்பை உரசுவதுபோல நேராக முன்னால் ஓடுங்கள். அகலமாகச் சுற்றி ஓடினால் அவர் மீண்டும் முன்னால் வந்துவிடுவார்.

கால்களுக்கு இடையே தட்டுவதும் முதுகுக்குப் பின்னால் தட்டுவதும் கிராஸ்ஓவரின் தம்பி தங்கைகள். எதிராளி மிக நெருங்கி நிற்கும்போது, பந்தை அவர் முன்னால் கொண்டுபோக முடியாது என்பதால் உடலுக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுபோகிறோம், அவ்வளவே. தேவையில்லாத இடத்தில் செய்தால் இரண்டு வினாடி வீணாகும்.

ஐந்தாம் படி: நெருக்கடி

தனியாகப் பழகியதெல்லாம் ஆள் வந்ததும் பறந்துவிடுவதாகப் பலர் வருந்துகிறார்கள். ஆளோடு பழகாததுதான் காரணம். கோர்ட்டின் அகலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் மட்டும் ஒருவருக்கு ஒருவர் ஆடுங்கள். ஐந்து மீட்டர் அகலப் பாதையில் ஒருவர் தட்டிச் செல்ல வேண்டும், மற்றவர் மறிக்க வேண்டும். முதலில் மறிப்பவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளட்டும். இரண்டாம் வாரம் கைகளை அவிழ்த்துவிடுங்கள்.

நெருக்கப்படும்போது பந்துக்கும் எதிராளிக்கும் நடுவில் உங்கள் உடல் இருக்க வேண்டும். பந்து இல்லாத கையை மடக்கி உடலுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அது பந்தை மறைக்கத்தான். எதிராளியைத் தள்ளினால் ஃபவுல்.

இருவர் சேர்ந்து வளைக்க வந்தால் முன்னால் போக முயலாதீர்கள். இரண்டு தட்டில் பின்வாங்குங்கள். அவர்கள் இருவரும் நெருங்கி வருவார்கள். பின்னால் இடம் திறக்கும். அங்கிருந்து திசை மாற்றிப் போகலாம், அல்லது தனியாக விடப்பட்ட தோழருக்குப் பாஸ் கொடுக்கலாம். பின்வாங்குவதை அவமானமாக நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பந்தைக் காப்பாற்றிய ஒவ்வொரு பின்வாங்கலும் நல்ல ஆட்டம்தான் என்று அவர்களிடம் வாய்திறந்து சொல்லுங்கள்.

ஒரு இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: நடுக்கோட்டைத் தாண்டியவுடன் பக்கக்கோட்டை ஒட்டிய மூலை. அங்கே பக்கக்கோடும் நடுக்கோடும் எதிரணிக்கு இரண்டு காவலர்களைப்போல வேலை செய்யும். பந்தோடு திரும்பப் பின்னால் போகவும் முடியாது, அது விதிமீறல். நல்ல அணிகள் உங்களை அங்கேதான் ஓட்டிச் செல்லும். நடுக்கோட்டை நடுப்பகுதியில் கடக்கப் பழகுங்கள்.

ஆறாம் படி: தட்டுவதை நிறுத்துவது

பந்தை இரண்டு கையால் பிடித்துவிட்டால் மீண்டும் தட்ட முடியாது. ஆகவே யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் பிடிக்காதீர்கள். புதிதாக ஆடுபவர்கள் பயத்தில் பந்தைப் பிடித்து அணைத்துக்கொள்வார்கள். எதிராளி நெருங்கி நின்றால் அதற்குப் பிறகு இருப்பது ஐந்து வினாடி. பிடிக்கும்போது இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் ஊன்றும்படி, முழங்கால் மடக்கி நில்லுங்கள். எந்தக் காலையும் ஆதாரமாக வைத்துத் திரும்பலாம்.

அதைவிட நல்லது, தட்டிக்கொண்டிருக்கும் ஒரே கையால் பாஸ் கொடுப்பது. பந்து எழும்பி வரும்போது பிடிக்காமலேயே பக்கவாட்டிலிருந்து தள்ளிவிட வேண்டும். சுவரில் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் வரைந்து, நான்கு மீட்டர் தள்ளி நின்று பழகுங்கள். மூன்று தட்டு, ஒரு பாஸ். இரண்டு கையாலும்.

இந்தப் பயிற்சிகளை மூச்சு வாங்கும் நேரத்தில் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்ட ஆட்டம் இது. கடைசிப் பகுதியில்தான் கால் கனத்து, இடுப்பு உயர்ந்து, கண் மீண்டும் பந்துக்குப் போகிறது. ஆகவே ஓட்டப் பயிற்சி முடிந்த பிறகு கடைசி ஐந்து நிமிடத்தை இடக்கைக்கும் ஒருகைப் பாஸுக்கும் ஒதுக்குங்கள்.

நோட்டு

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் மூன்று விஷயங்களை மட்டும் குறிக்கட்டும்: பந்து எத்தனை முறை பறிபோனது, எந்தக் கையில் இருந்தபோது, கோர்ட்டின் எந்த இடத்தில். எடுத்த புள்ளிகளை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். இழந்த பந்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு நோட்டைத் திறந்தால், அடுத்த மாதம் எதைப் பழக வேண்டும் என்று அதுவே சொல்லும். பயிற்சியாளர் திட்ட வேண்டியதில்லை.

பெற்றோருக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, விளையாட்டு போதும் என்று பந்தைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். இருபது நிமிடம்தான் கேட்கிறோம்.

எங்கள் பெண்ணின் நோட்டில் இப்போது ஏழு பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. கடைசி ஆட்டம் முழுவதிலும் நான்கு முறை பந்தை இழந்தாள். கையிலிருந்து பறிபோனது ஒன்றுகூட இல்லை, நான்கும் பாஸ்கள். இடக்கை ஓட்டம் ஆறரை வினாடிக்கு வந்துவிட்டது. இடக்கைப் பாஸ் மட்டும் இன்னும் தாழ்வாகப் போய்த் தோழியின் முழங்காலில் விழுகிறது. குறுவட்டப் போட்டிக்கு முன்னால் தினமும் சுவரில் அறுபது பாஸ் என்று அவளே எழுதிவைத்திருக்கிறாள். சுண்ணாம்பு வட்டத்தை ஒரு சாண் உயர்த்தி வரைந்திருக்கிறோம்.